பதினேழாம் எண் வீட்டுக்காரன்

ஹஸ்துதியின் நெற்றி நிலைச்சட்டத்தில் மோதிய சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும்.

"நல்லவேளை பாஸ், நீங்க முன்னாடி போனீங்க," என்றான் பின்னால் வந்த தர்ஜோ. "நான் அதை ஜன்னல்னு நெனச்சிட்டேன்."

பதினோரு வருடமாகத் துப்பறியும் தொழிலில் அவளுக்கு உதவியாளன். வண்டி ஓட்டுவான், ஆள் தேடுவான், வாயை மட்டும் மூடமாட்டான். ஹஸ்துதி உடம்பை மடக்கி உள்ளே நுழைந்தாள். ஐம்பத்து மூன்று வயதில் அவளுடைய இடுப்பு இதற்கெல்லாம் சம்மதிப்பதில்லை.

"அய்யோ, மன்னிச்சுக்கங்கம்மா. கை வைக்க மறந்துட்டேன்!" மீனைப் புகையில் வாட்டிக்கொண்டிருந்த ரொகாயா பதறி எழுந்து வந்தாள்.

கடலோர ஊரான மொரோசெகாராவில் அது வழக்கம். விருந்தாளி உள்ளே நுழையும்போது வீட்டுக்காரர் நிலைச்சட்டத்துக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுப்பார். தலை இடித்தால் கையில் இடிக்கட்டும் என்று. கடல் உள்ளே வர வர இந்த ஊர்க்காரர்கள் தரையை உயர்த்திக்கொண்டே போனார்கள். பத்து வருடத்தில் நாலு தடவை. கூரையை உயர்த்த யாருக்கும் வசதியில்லை. அதனால் வாசல்கள் குட்டையாகிக்கொண்டே வந்து இப்போது நெஞ்சளவில் நின்றன. அந்தப் பக்கம் செமாராங் நகரம் வளர்ந்தது, ஆலைகள் பூமிக்குள் குழாய் இறக்கி நீரை உறிஞ்சின, இந்தப் பக்கம் கரை அமுங்கியது. நகரத்துக்காரர்கள் அதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைக்க அவர்களுக்கு என்ன, காலா நனைகிறது?

ரொகாயா கருப்புக் காப்பியை வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்பது.

"இன்னிக்கு ரெண்டு மணிக்குக் கடைசி விசாரணைம்மா. அஞ்சு மணி நேரந்தான் இருக்கு."

ஹஸ்துதி மடியிலிருந்த அறிக்கை நகலை மறுபடி புரட்டினாள். கடல் மூடிய நிலம் சட்டப்படி அழிந்த நிலம். பட்டா செத்துவிடும். அப்புறம் மண் கொட்டி மேடாக்குகிறவன் அதைத் தன் பெயருக்குக் கேட்கலாம். மொரோசெகாராவின் முப்பத்தெட்டு மனைகளும் அழிந்துவிட்டன, குடியிருப்போர் யாருமில்லை, ஆவணங்கள் உட்பட எல்லாம் கடலில் போய்விட்டன என்று ஆய்வுக்கு வந்த மூவர் குழு எழுதியிருந்தது. குழு வந்து பார்த்த நாள், கடலுக்கு எருமைத் தலையைக் காணிக்கையாக விடும் திருவிழா நாள். ஊரே படகேறிப் போயிருந்த நாள். மணல் ஏற்றிய கப்பலோடு ஒரு கம்பெனி காத்திருந்தது.

அறிக்கை செல்லுபடியாக ஊர்வாசி ஒருவரின் சாட்சிக் கையெழுத்து வேண்டும். அடியில் அது இருந்தது. வாசிமின், பதினேழாம் எண் வீடு.

"அப்படி ஒரு ஆளே எங்க ஊர்ல கிடையாதும்மா," என்றாள் ரொகாயா. "யாரோ வெளியாளைப் புடிச்சுக் கையெழுத்து வாங்கியிருக்கானுங்க. அவனை நீங்க கண்டுபுடிச்சுக் கொண்டு வந்து நிறுத்தினா அந்தக் காகிதம் குப்பை. இல்லாட்டி நாங்க குப்பை."

"பதினேழாம் வீடு யாரோடது?"

"ஓடை வாயில இருக்கு. செத்துப்போனவங்க வீடு. சும்மாதான் கெடக்கு." அதைச் சொல்லும்போது அவள் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து ஹஸ்துதி ஆறு வீடுகளில் விசாரித்தாள். ஆறு வாசலிலும் குனிந்தாள், ஆறு உள்ளங்கைகள் அவள் தலையைக் காத்தன, ஆறு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். வாசிமினா? இல்லவே இல்லை.

"ஒரு விஷயம் கவனிச்சியா, தர்ஜோ?" பலகைப் பாதையில் நடந்துகொண்டே கேட்டாள்.

"ஆறு வீட்லயும் காப்பி குடுத்தாங்க. இன்னிக்கு ரெண்டு மணிக்கு நான் விசாரணையில இருக்கமாட்டேன், கக்கூஸ்ல இருப்பேன்."

"நம்ம பக்கத்துல யார் பேரைச் சொல்லிக் கேட்டாலும் முதல்ல என்ன கேப்பாங்க?"

"எந்த வாசிமின், யாரு மகன், கறுப்பா செவப்பானு கேப்பாங்க."

"இங்க ஒருத்தர்கூடக் கேக்கல."

தர்ஜோ வாயிலிருந்த கிராம்புச் சிகரெட்டைக் கையில் எடுத்தான். அவன் யோசிக்கிறான் என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே அடையாளம் அது.

அறிக்கையோடு ஒரு புகைப்படம் இருந்தது. படகில் மூவர் குழு நிற்கிறது. அவர்களுக்குக் குடை பிடித்தபடி ஒருவன், முதுகு மட்டும் தெரிகிறது. அடியில், 'குழுவினர், சாட்சியுடன்'.

"குடையைப் பாருங்க பாஸ். ரோஸும் வெள்ளையும். இந்தக் கண்றாவி நிறத்தை நான் பார்த்திருக்கேன். கம்பெனியோட மாதிரி வீட்டு மண்டபத்துல, கார்ல இருந்து இறங்கறவங்களுக்குப் புடிப்பாங்க. வெளில விக்கறதில்ல. விக்கவும் முடியாது."

பதினோரு மணிக்கு அந்த மண்டபத்தில் இருந்தார்கள்.

இரண்டு ஆள் உயரத்துக்குக் கண்ணாடிக் கதவுகள். உள்ளே குளிர். மேசை மேல் பொம்மை நகரம், பொம்மைத் தென்னை, நீலக் கண்ணாடியில் கடல். விற்பனைப் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"சாருக்கும் மேடத்துக்கும் எந்த மாதிரி வீடு வேணும்?"

"புதுசா கல்யாணம் ஆனவங்க," என்றான் தர்ஜோ. ஹஸ்துதி அவன் காலை மிதித்தாள். "கடல் தெரியற வீடு வேணும். ஆனா கடல் வீட்டைப் பார்க்கக் கூடாது."

ஹஸ்துதி பொம்மை நகரத்தில் மொரோசெகாராவைத் தேடினாள். ஓடை இருந்தது. ஊர் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு குளம், அதில் இரண்டு அன்னப் படகுகள். கடல் மூடிவிட்டது என்று ஊரை எடுத்துக்கொண்டு, மண் கொட்டிக் கடலை விரட்டி, அதே இடத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பப் போகிறார்கள்.

"இது அழகா இருக்கே," என்றாள். "இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல மேடம். வெறும் தண்ணி."

குடைக்காரன் வாசலுக்கு உள்பக்கம், குடைகள் செருகிய கூடைக்குப் பக்கத்தில் நின்றான். ஐம்பது வயதிருக்கும். சீருடைச் சட்டையில் பெயர் தைத்திருந்தது. வாசிமின். இத்தனை சுலபமாகக் கிடைத்த ஆளை ஹஸ்துதி தன் தொழிலில் பார்த்ததில்லை. படத்தைக் காட்டினாள். அவன் முகம் மாறவில்லை.

"நான்தாங்க அது."

"நீங்க மொரோசெகாராக்காரரா?"

"இல்லீங்க. நான் மலைப்பக்கம், புகையிலைக் காடு. அந்த ஊர்ல ஒரு நாள்கூட இருந்ததில்ல. குடை புடிக்கச் சொன்னாங்க, புடிச்சேன். கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்."

"இதை விசாரணையில வந்து சொல்வீங்களா? பொய்ச் சாட்சிக்கு உள்ளே போட்டுடுவாங்க."

"சொல்றேங்க. வாங்க போகலாம்."

தர்ஜோ அவள் காதருகே வந்தான். "பாஸ், பல் புடுங்க வர்றவன் இவ்வளவு சந்தோஷமா வாயைத் திறந்து நான் பார்த்ததில்ல."

வாசிமின் குடையைக் கூடையில் செருகினான், சட்டையைச் சரிசெய்தான், அவர்களுக்கு முன்னால் வாசலை நோக்கி நடந்தான். கதவு தானாக விலகியது. மேலே பன்னிரண்டு அடி வரை வெறும் காற்று.

வாசிமின் தலையைக் குனிந்து, தோளை ஒடுக்கி, ஒரு கையை நெற்றிக்கு நேரே கொண்டுபோய், நெஞ்சளவு வாசலில் நுழைகிறவனைப் போல வெளியேறினான்.

ஹஸ்துதி நின்றுவிட்டாள்.

பழைய கிஜாங் வண்டி நகருக்குள் திரும்பும்வரை யாரும் பேசவில்லை. தர்ஜோவே பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்னலில் நின்றபோது அவள் முன் இருக்கையிலிருந்து திரும்பாமலே கேட்டாள்.

"பதினேழாம் வீட்டுத் தரையைக் கடைசியா எப்ப உயர்த்தினீங்க?"

பச்சை விழுந்தது. அப்புறம்தான் பின் இருக்கையிலிருந்து வாசிமினின் பதில் வந்தது.

"எல்லாரும் நாலு தடவை உயர்த்தினாங்க. எங்க வீடு மூணோட நின்னுடுச்சு. அப்பா அம்மா போயிட்டாங்க, நான் வேலைக்கு வந்துட்டேன்."

"ரொகாயா?"

"தங்கச்சி."

தர்ஜோ பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் அவனுடைய வம்சத்தையே விசாரித்துவிட்டுப் போனான்.

வாசிமின் மெதுவாகச் சொன்னான். "ஒருத்தர் கையெழுத்துப் போட்டா போதும், முப்பத்தெட்டுக் குடும்பத்துக்கும் மேட்டுல மாத்து மனைன்னாங்க. நம்பிட்டேன். எருமைத் தலை விடற அன்னிக்கு வாங்க, சண்டைக்கு யாரும் வரமாட்டாங்கனு நாள் குறிச்சுக் குடுத்ததும் நான்தான். அப்புறம் மனை எங்கனு கம்பெனி வக்கீலைக் கேட்டேன். அழிஞ்ச நிலத்துக்கு எதுக்குப்பா மாத்துனு சிரிச்சாரு."

"அடையாள அட்டை இருக்கா?"

நீட்டினான். விலாசம் கம்பெனி விடுதி. தேதி, கையெழுத்துக்கு மூன்று மாதம் முன்னால்.

"விலாசத்தை மாத்தினாதான் வேலைன்னாங்க."

மனை கேட்டு நாளைக்கு இவன் வந்து நிற்கக் கூடாதென்று அப்போதே ஊரை விட்டு இவனை வெட்டியிருக்கிறார்கள். அப்புறம் இவனையே ஊர்வாசி என்று கையெழுத்தும் போட வைத்திருக்கிறார்கள். அதிபுத்திசாலிகள் இப்படித்தான் தங்கள் வேட்டியைத் தாங்களே மிதித்து விழுவார்கள். ஹஸ்துதிக்கு அதை நினைத்துச் சந்தோஷப்பட முடியவில்லை.

"போன வாரம் தங்கச்சி வந்தா," என்றான் வாசிமின். "நீ எங்க ஊரே இல்லைன்னு சொல்லு, நாங்களும் உன்னைத் தெரியாதுன்னு சொல்றோம், நீ எங்களுக்குச் செய்ய இனி அது ஒண்ணுதான் இருக்குன்னா. அப்பவே சரின்னுட்டேன்."

"பாஸ்," என்றான் தர்ஜோ. "உண்மை கம்பெனி பக்கம் இருக்கு. பொய் நம்ம பக்கம் இருக்கு. நாம எந்தப் பக்கம்?"

பதினெட்டு வருடம் முன்பு, எரிந்த கிட்டங்கியை எரியவில்லை என்று எழுதச் சொன்னதற்காக இன்சூரன்ஸ் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தவள் ஹஸ்துதி. பொய் எழுதாதவள் என்ற அந்தப் பெயர்தான் அவளுக்கு இருந்த ஒரே சொத்து. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

விசாரணை மண்டபம் டச்சுக்காரன் காலத்துக் கட்டடம். யானை மேல் உட்கார்ந்தபடி நுழையலாம், அத்தனை உயரக் கதவு. படிக்கட்டில் ரொகாயாவும் ஊரும் காத்திருந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கிய வாசிமினை யாரும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அத்தனை பேரும் பாடுபட்டார்கள்.

ஹஸ்துதி ரொகாயாவைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"என்னை வேலைக்கு வெச்சது ஆளைத் தேடறதுக்கு இல்ல. பொய்க்குப் பூசி மெழுக."

"ஆமாம்மா." ரொகாயா கண்ணைத் தாழ்த்தவில்லை. "நாங்களே கூட்டிட்டு வந்து இவன் வெளியாளுன்னா யாரு நம்புவாங்க? பொய்க் கையெழுத்துப் போடாத அம்மா கூட்டிட்டு வந்தா நம்புவாங்க."

"உன் கூடப் பொறந்தவன். ஜெயிலுக்குப் போவான்."

"தெரியும். அவங்க ஒரு பொய் சொல்லி முப்பத்தெட்டு வீட்டைச் சாகடிச்சாங்க. நாங்க ஒரு பொய் சொல்லி ஒருத்தனைச் சாகடிக்கறோம். அதுவும் எங்க ஆளு. வேற யாரையும் தொடல." அவள் படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "நீங்க உண்மையைச் சொல்லிடுங்கம்மா. தடுக்கமாட்டேன். சொல்லிட்டு, இந்த முப்பத்தேழு குடும்பமும் எங்க போய் நிக்கும்னு அதையும் சொல்லிடுங்க."

ஹஸ்துதி வாசிமினின் அடையாள அட்டையைக் கோப்புக்குள் செருகினாள்.

இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனி வக்கீல் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தார். விசாரணைத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மொரோசெகாரா உள்ளே வந்தது. முதலில் வந்த வலைக்காரன் குனிந்தான். அவன் மனைவி குனிந்தாள். இடுப்பில் பிள்ளையோடு வந்தவள் பிள்ளையின் தலையையும் அமுக்கிக்கொண்டு குனிந்தாள். ஒருவர் பின் ஒருவராக, யானைக் கதவில், எழுபது எண்பது பேரும் குனிந்து நுழைந்தார்கள்.

"என்ன, எல்லாரும் தரையில எதையாவது தொலைச்சுட்டாங்களா?" வக்கீல் சிரித்தார். தலைவரும் சிரித்தார்.

கடைசியாக வாசிமின் வர வேண்டும். அவனும் குனிந்தால் வக்கீல் அதையே ஆதாரமாகக் காட்டிவிடுவார். ஹஸ்துதி தர்ஜோவைப் பார்த்தாள். வாசலில் நின்ற தர்ஜோ ஏற்கெனவே வாசிமினின் காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான்.

வாசிமின் நிமிர்ந்து வந்தான். கண்களை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, நெற்றியில் அடி விழப்போகிறது என்று நிச்சயமாகத் தெரிந்தவன் போல. விழவில்லை. உள்ளே வந்த பிறகுதான் கண்ணைத் திறந்தான்.

சொன்னதையே சொன்னான். மலைப்பக்கம். புகையிலைக் காடு. ஒரு நாள்கூட இருந்ததில்லை.

வக்கீல் துள்ளி எழுந்தார். "பொய்! இந்த ஆள் அந்த ஊர்லயே பொறந்தவர்!"

"ஆவணம் இருக்கா?" என்றார் தலைவர்.

"ஊர் அலுவலகத்துல..." வக்கீல் நிறுத்தினார்.

"ஊர் அலுவலகம், ஆவணங்கள் உட்பட எல்லாம் கடல்ல போயிடுச்சுனு உங்க அறிக்கையே சொல்லுது," என்றாள் ஹஸ்துதி. அடையாள அட்டையை மேசை மேல் வைத்தாள். "கையெழுத்துப் போட்ட அன்னிக்கு இவர் விலாசம், உங்க கம்பெனி விடுதி."

தலைவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரொகாயாவைக் கேட்டார்.

"இந்த ஆளைத் தெரியுமா?"

ரொகாயா அண்ணனை நேராகப் பார்த்தாள். "பார்த்ததே இல்லைங்க."

"விசாரிச்சது நீங்க. உங்க முடிவு என்ன?" இப்போது கேள்வி ஹஸ்துதிக்கு.

மண்டபமே அவளைப் பார்த்தது. அவள் எழுந்தாள். "அந்த ஊர்ல விசாரிச்சேன். அங்க இவரைத் தெரியும்னு சொன்ன ஆள் ஒருத்தர்கூட இல்லை." ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அது தன் வாழ்க்கையிலேயே மட்டமான வாக்கியம் என்று உட்காரும்போது அவளுக்குத் தோன்றியது.

தலைவர் எழுதினார், படித்தார். சாட்சி ஊர்வாசி அல்ல, ஆகவே அறிக்கை செல்லாது. குடியிருப்போர் நேரில் வந்துள்ள முப்பத்தேழு மனைகளின் பட்டா தொடரும். பொய்ச் சாட்சிக்காக வாசிமினைக் காவலில் எடுக்கவும். ஊர் மூச்சு விட்டது. யாரோ அழத் தொடங்கினார்கள். தலைவர் பக்கத்தைத் திருப்பினார்.

"மனை எண் பதினேழு. உரிமை கோர யாராவது இருக்கீங்களா?"

ரொகாயா பிறந்த வீடு. அவள் அம்மா செத்த வீடு. அது தன் வீடு என்று கேட்டால், அதே வீட்டுக்காரன் என்று கையெழுத்துப் போட்ட வாசிமின் அவள் அண்ணன் என்பது வெளியே வந்துவிடும். ரொகாயா வாயைத் திறந்தாள், மூடினாள்.

"யாரும் இல்லை. பதினேழு, அழிந்த நிலம்."

வக்கீல் முதல் முறையாக நிம்மதியாக உட்கார்ந்தார். ஓடை வாயில் ஒரு மனை கிடைத்தால் போதும், முதல் கப்பல் மணலை அங்கே இறக்கி ஓடையை அடைக்கலாம். தண்ணீர் வடிய வழியில்லாத மீதி முப்பத்தேழையும் கடல் பார்த்துக்கொள்ளும்.

இரண்டு காவலர்கள் வாசிமினை நடத்திப் போனார்கள். ரொகாயா கதவோரம் நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றாள். வாசிமின் கதவை நெருங்கினான். இப்போது அவன் எதையும் நினைவில் வைத்திருக்கும் நிலையில் இல்லை. தலை தானாகக் குனிந்தது. தோள் ஒடுங்கியது.

அவன் குனிந்த அந்த நொடியில் ரொகாயாவின் கை எழும்பியது. அவன் தலைக்கு மேல், இல்லாத நிலைச்சட்டத்துக்கு அடியில், உள்ளங்கை விரிந்து நின்றது.

வக்கீல் காகிதங்களை அடுக்கிக்கொண்டே கதவுப் பக்கம் திரும்பினார்.

ஹஸ்துதி எழுந்தாள். அவருக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்று, கையிலிருந்த கோப்பு முழுவதையும் அவர் காலடியில் கொட்டினாள்.

"என்னம்மா இது!"

"மன்னிச்சுக்கங்க. தலை சுத்துது."

வக்கீல் முணுமுணுத்துக்கொண்டே காலை நகர்த்தினார். தர்ஜோ மண்டியிட்டு ஒவ்வொரு காகிதமாக, எவ்வளவு மெதுவாகப் பொறுக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகப் பொறுக்கினான்.

வாசிமின் படியிறங்கிப் போய்விட்டான். கதவோரம் அந்தக் கை இன்னும் அப்படியே நின்றது. ஹஸ்துதி நடந்து போய் அதைப் பிடித்தாள்.

"கையை இறக்கு," என்றாள். "இங்க இடிக்க எதுவும் இல்ல."